சென்னையில் நல்ல தொப்பிக் கடை கண்டுபிடிப்பது எப்படி? தலை அளவிலிருந்து தொடங்குவோம்

நெற்றியிலும் காது மடலிலும் வெயில் படக்கூடாது என்று அப்பாவுக்குத் தோல் மருத்துவர் சொன்ன பிறகுதான் நான் தொப்பி தேட ஆரம்பித்தேன். மாடித் தோட்டத்தை அவர் விடமாட்டார். கிரிக்கெட் கேப் காதை மறைக்காது. கூகுள் மேப்ஸில் தொப்பிக் கடை என்று தேடினால் எனக்கு வந்ததெல்லாம் கம்பெனி பெயர் அச்சடித்துக் கொடுக்கும் இடங்கள். அதனால் கால்நடையாகத் தேடி, கடைக்காரர்களிடம் பேசித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். எல்லா வகைத் தொப்பியும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும் கடையைத் தேடி அலையாதீர்கள். இந்த ஊரில் தொப்பி அதன் உபயோகத்தோடுதான் இருக்கிறது. தொழுகைக்கு என்றால் பள்ளிவாசல் தெரு, கல்யாணத்துக்கு என்றால் சௌகார்பேட்டை, மேடைக்கு என்றால் சினிமா உடை வாடகைக் கடை, வெயிலுக்கு என்றால் ஓலை பின்னுகிறவர்கள். எதற்காகப் போடப்போகிறீர்கள் என்று முடிவு செய்தால் பாதித் தேடல் முடிந்தது.

படி 1: வீட்டிலேயே தலையை அளந்துகொள்ளுங்கள்

பலரும் இதைத் தாண்டிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். நான் அதிகம் பேசப்போவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் வாங்கிய தொப்பி அலமாரியிலேயே கிடப்பதற்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம்.

தையற்காரரின் இன்ச் டேப் போதும் என்று நினைக்காதீர்கள். பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும், அளவு குறைவாகக் காட்டும். நான் நம்புவது நூலையும் ஸ்டீல் ஸ்கேலையும். நீளாத கெட்டி நூல் வேண்டும். கம்பளி நூல் வேண்டவே வேண்டாம். புருவத்துக்கு மேலே நெற்றியின் நடுவில் நூலை வைத்து, காதுக்கு மேலே ஒரு விரல் இடைவெளி விட்டு, பின்னந்தலையில் அதிகம் புடைத்திருக்கும் இடம் வழியாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். இறுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது. நூலின் இரு பக்கமும் சந்திக்கும் இடத்தை நகத்தால் பிடித்து, எடுத்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். பின்பக்கம் நூல் கீழே சரிந்துவிடும். அதனால் இன்னொருவர் உதவி இருந்தால் நல்லது.

தொப்பியின் எண் மூன்று விதமாக வரும். சென்டிமீட்டரில் இருந்தால் நேரடியாகத் தலைச் சுற்றளவு. அமெரிக்க எண் என்றால், சுற்றளவை இன்ச்சில் எடுத்து 3.14-ஆல் வகுத்தால் வருவது. பிரிட்டிஷ் எண் அதைவிட 1/8 குறைவு. 57 சென்டிமீட்டர் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 22.4 இன்ச். அமெரிக்க எண் 7 1/8, பிரிட்டிஷ் எண் 7. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு சென்டிமீட்டர் மாறிவிடும். ஒரு சென்டிமீட்டர் என்பது தொப்பியில் பெரிய வித்தியாசம்: நெற்றியில் சிவப்புக் கோடு விழுவதும் காற்றில் பறப்பதும் அதில்தான் இருக்கிறது.

அளவு சரியாக இருந்தும் பொருந்தாமல் போகலாம். அதற்குக் காரணம் தலையின் வடிவம். சிலருக்கு நெற்றியிலிருந்து பின்னந்தலை வரை நீளம் அதிகம், பக்கவாட்டு அகலம் குறைவு. அவர்களுக்குத் தொப்பி முன்னும் பின்னும் அழுத்தும், நெற்றிப்பொட்டு இரண்டிலும் இடைவெளி தெரியும். உருண்டைத் தலைக்காரர்களுக்கு நேர்மாறாக நெற்றிப்பொட்டில் வலிக்கும். நீள்வட்டத் தலை என்றால் ஒரு எண் பெரிதாக வாங்கி, உள்ளே நெற்றியைச் சுற்றி வரும் பட்டைக்குப் பின்னால் இரு பக்கமும் ஃபோம் பட்டையோ மடித்த செய்தித்தாளோ செருகிக்கொள்ளலாம். எங்கள் அப்பாவின் தொப்பியில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

கூடுதல் குறிப்பு: இதைப் படித்துவிட்டு ஒருவர், கொண்டை போடும் பெண்கள் எப்படி அளப்பது என்று கேட்டிருந்தார். தொப்பி போடும்போது முடி எப்படி இருக்குமோ அப்படியே வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். கொண்டையைக் கழுத்தருகே தாழ்த்திப் போட்டால் அளவு மாறாது. உச்சிக் கொண்டைக்கு எந்த ஓலைத் தொப்பியும் இறங்காது. இன்னொருவருக்குத் தலை 61 சென்டிமீட்டர். ஃப்ரீ சைஸ் என்று விற்பது எதுவும் அவருக்கு ஏறவில்லையாம். அப்படிப்பட்டவர்கள் சொல்லிச் செய்வதுதான் வழி. படி 4-ல் பாருங்கள்.

படி 2: சரியான கடைத்தெருவுக்குப் போங்கள்

தொழுகைத் தொப்பி, ரூமி தொப்பி (குஞ்சம் வைத்த உயரமான துருக்கித் தொப்பி), கறுப்பு வெல்வெட் தொப்பி இவற்றுக்கு இரண்டு இடங்கள். ஒன்று திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை, வாலாஜா பெரிய பள்ளிவாசலைச் சுற்றி. இன்னொன்று மண்ணடி. மெட்ரோ மண்ணடியிலேயே நிற்பதால் எனக்கு அதுதான் வசதி. வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், ஜும்மா நேரம். ரமலானில் சரக்கு நிறைய இருக்கும், ஆனால் நின்று பேசக் கடைக்காரருக்கு நேரம் இருக்காது. அதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னதாகப் போனால் புதுச் சரக்கும் கிடைக்கும், பேசவும் முடியும். கறுப்பு வெல்வெட் தொப்பியை மலேசியாவில் சொங்கோக் என்பார்கள். பினாங்கு, சிங்கப்பூரோடு தொடர்புள்ள தமிழ்க் குடும்பங்களில் இன்றும் கல்யாணத்துக்கு வாங்குகிறார்கள். அதன் தரம் வெல்வெட்டில் இல்லை, உள்ளே இருக்கும் விறைப்பில் இருக்கிறது. பக்கவாட்டில் லேசாக அழுத்தி விடுங்கள். உடனே நிமிர்ந்தால் நல்ல சரக்கு. மடிப்பு விழுந்து அப்படியே நின்றால் உள்ளே வெறும் அட்டை. ஒரு மழைக்குத் தாங்காது.

கல்யாணத் தலைப்பாகை, ஜரிகை வைத்த சஃபா, ராஜஸ்தானி வகைகள் எல்லாம் சௌகார்பேட்டையில் மின்ட் தெருவும் அதைச் சுற்றிய சந்துகளும்தான். தைத்து வைத்த ரெடிமேட் தலைப்பாகையைவிட, துணி வாங்கி ஆள் வைத்துக் கட்டுவது எனக்குப் பிடிக்கும். கட்டியது தலைக்கு அச்சாக உட்காரும், அளவுப் பிரச்சினையே இல்லை.

காந்தி குல்லா வேண்டுமென்றால் கதர்க் கடை. அண்ணா சாலையில் காதி பவன் இருக்கிறது. கதர் துவைத்தால் சுருங்கும், ஆகவே ஒரு எண் பெரிதாக எடுங்கள். பள்ளி மாறுவேடப் போட்டிக்குப் பாரதி முண்டாசு கேட்பவர்கள் கடைக்கே போக வேண்டாம். வெள்ளை மல் துணி நான்கு மீட்டர் வாங்கி, மூன்று தடவை பழகினால் வீட்டிலேயே கட்டிவிடலாம்.

நாடகம், குறும்படம் என்றால் வடபழனி, சாலிகிராமம் பக்கத்து உடை வாடகைக் கடைகள். அங்கேதான் வெள்ளைக்காரர் காலத்துக் கலெக்டர் தொப்பியும், அதாவது சோலா தொப்பியும் கண்ணில் படும், பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் செய்தது. விரலால் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான சோலா தொப்பி நெட்டியில், அதாவது ஒரு நீர்ச்செடியின் தண்டில் செய்வது. தஞ்சாவூரில் கோயில் கோபுரமும் பிரகதீஸ்வரர் கோயில் மாதிரியும் செதுக்குகிறார்களே, அதே நெட்டி. தஞ்சை நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எடையே இல்லாத, வெப்பத்தை உள்ளே விடாத அந்தப் பொருளில் நம் கைவினைஞர்கள் மறுபடி தொப்பி செய்தால் வரிசையில் நின்று வாங்க நான் தயார்.

மொத்த விலைக்கு பாரிமுனை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஒரே ஒரு தொப்பிக்காக அங்கே போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். டஜன் கணக்கில் வாங்குபவரைத்தான் கவனிப்பார்கள்.

படி 3: வெயில் தொப்பி என்றால் ஓலைதான்

இது என் தீர்மானமான கருத்து. ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) தொப்பி பார்க்க அழகு. ஆனால் சென்னை வேர்வைக்கும் கடல் காற்றின் ஈரத்துக்கும் அது ஒத்துவராது. பாலியெஸ்டர் தொப்பியில் தலை வெந்துவிடும். பனை ஓலையில் காற்று போகும், எடை கிடையாது, வேர்வை பட்டாலும் காய்ந்துவிடும். விளிம்பு அகலம் முக்கியம்: பெரியவர்களுக்குக் குறைந்தது 7.5 சென்டிமீட்டர் வேண்டும் என்பது ஆஸ்திரேலியப் புற்றுநோய்க் கழகத்தின் அளவு. ஸ்கேலைப் பையில் எடுத்துப் போங்கள்.

எங்கே கிடைக்கும்? அண்ணா சாலையில் அரசின் கைவினைப் பொருள் கடையான பூம்புகாரில் விசாரியுங்கள். நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் சுய உதவிக் குழுக்களின் மதி கண்காட்சி நடக்கும்போது தென்மாவட்டப் பனை ஓலைப் பொருட்கள் வரும். நேரம் இருந்தால் பழவேற்காடு போகலாம். கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ். அங்கே பெண்கள் முக்கியமாகப் பின்னுவது பெட்டியும் கூடையும் தட்டும். தொப்பி கேட்டால் அளவு கொடுத்துச் சொல்லித்தான் செய்ய வேண்டும், ஆகவே கையில் நூல் அளவோடு போங்கள்.

மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் தொங்கும் வைக்கோல் நிறத் தொப்பிகளை ஓலை என்று நம்பி வாங்காதீர்கள். நிறைய தொப்பிகள் முறுக்கிய காகிதம். உள்விளிம்பில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு இழையை எச்சில் தொட்ட விரலால் உருட்டிப் பாருங்கள். முறுக்கு அவிழ்ந்து தட்டையான காகித நாடா வந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். சிலர் அதையே பனாமா என்று சொல்லி விற்பார்கள். அசல் பனாமா நெய்யப்படுவது எக்வடாரில், தொக்கியா என்ற செடியின் இழையில். அந்த நெசவு 2012-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கடற்கரையில் ஈ மொய்க்கும் கம்பியில் அது தொங்காது.

ஓலைத் தொப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். உச்சியில், பின்னல் தொடங்கிய இடத்தில்தான் முதலில் ஓட்டை விழும். அங்கே வெளிச்சம் ஊசி முனையாகத் தெரிந்தால் பரவாயில்லை. மிளகு அளவுக்குத் தெரிந்தால் வேண்டாம். பிறகு விளிம்பைப் பாருங்கள். நல்ல கைவேலையில் ஓலை நுனிகளை மடக்கி மறுபடி பின்னலுக்குள்ளேயே செருகியிருப்பார்கள். நுனியை வெட்டிவிட்டு மேலே துணி நாடா தைத்திருந்தால், நாடா பிரிந்த அன்றே தொப்பியும் பிரியும். குருத்தோலையில் செய்தது வெளிறிய மஞ்சளாக, மடக்கினால் வளைவதாக இருக்கும். முற்றிய ஓலை காதருகே வைத்து அழுத்தினால் மொறுமொறுவென்று சத்தம் போடும்.

படி 4: கடைக்காரரைக் கவனியுங்கள்

மண்ணடியில் நான் வழக்கமாகப் போகும் கடையில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். உள்ளே நுழைந்ததும் தொப்பியை எடுத்துக் காட்டமாட்டார். “யாருக்கு தம்பி? தலை அளவு இருக்கா?” என்றுதான் கேட்பார். இல்லை என்றால் சட்டைப் பையிலிருந்து நூல் வரும். கடை மேசை விளிம்பில் ஒரு இரும்பு ஸ்கேலை ஆணி அடித்து வைத்திருக்கிறார். நூலை அதில் இழுத்து வைத்து எண்ணைச் சொல்வார். எண்கள் தேய்ந்துபோயிருக்கின்றன, அவருக்குப் பார்க்கவே தேவையில்லை. “பாய், இது கொஞ்சம் இறுக்கமா இருக்கே” என்றால், வேர்வையில் இளகிவிடும் என்று சமாளிக்காமல் அடுத்த எண்ணை எடுப்பார்.

நல்ல கடைக்கு இதுதான் அடையாளம். அளவு கேட்பார்கள். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க விடுவார்கள். கண்ணாடி இருக்கும். தொப்பியைக் கவிழ்த்து அடுக்காமல் மல்லாக்க வைத்திருப்பார்கள், விளிம்பு நசுங்கக்கூடாது என்று. எல்லாமே எலாஸ்டிக் வைத்த ஃப்ரீ சைஸ் என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். எலாஸ்டிக் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும், அதுவரை நெற்றியில் அரிக்கும்.

சொல்லிச் செய்கிற இடமாக இருந்தால், நன்றாகப் பொருந்தும் ஒரு பழைய தொப்பியைக் கூடவே எடுத்துப் போங்கள். அளவு பிளவுஸ் கொடுப்பது போலத்தான். எண்ணைவிட அது தெளிவாகப் பேசும். உள்பட்டை கிழிந்த பழைய தொப்பி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பெரியமேட்டில் தோல் வியாபாரம் செய்யும் கடைகளில் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு வாங்கி, செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் பட்டையை மாற்றித் தருவார்.

படி 5: போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்

உச்சியைக் கிள்ளிப் பிடித்துத் தொப்பியை எடுக்காதீர்கள். ஓலை வெடிப்பது அந்த மடிப்பில்தான். விளிம்பைப் பிடித்துப் போடுங்கள். குனிந்து செருப்பு வாரை மாட்டிப் பாருங்கள், தலையை இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். விழவில்லை, நெற்றிக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல் நுழைகிறது என்றால் சரி. பத்து நிமிஷம் போட்டுக்கொண்டே கடையில் நில்லுங்கள். நல்ல கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். கழற்றிய பிறகு நெற்றியில் கோடு தங்கினால் அடுத்த எண்.

பேரம் பற்றி: கைப்பின்னல் செய்கிறவரிடம் நேரடியாக வாங்கும்போது நான் பேரம் பேசுவதில்லை. ஓலையை வெட்டி, காயவைத்து, ஈர்க்கு கிழித்து, நனைத்து, பின்னி முடிக்கும் வேலையைப் பார்த்தால் நீங்களும் பேசமாட்டீர்கள்.

பின்சேர்க்கை: ஐப்பசி மழைக்குப் பிறகு ஓலைத் தொப்பியில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் நிச்சயம் பிடிக்கும். பழைய பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, காற்றுப் படுகிற இடத்தில் மல்லாக்க வையுங்கள். ஏற்கெனவே பிடித்திருந்தால் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, காலை வெயிலில் அரை மணி நேரம் காட்டுங்கள். உச்சி வெயிலில் விட்டால் ஓலை காய்ந்து வெடிக்கும். விளிம்பு கோணியிருந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்து, கையால் சரிசெய்து, மேலே ஒரு தட்டு கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள், காலையில் நேராகியிருக்கும்.