5 கிலோமீட்டரிலிருந்து 10-க்கு: மூச்சு முட்டாமல் தூரம் கூட்டுவது எப்படி?

நிற்காமல் 20, 25 நிமிடம் ஓட முடிகிறது. அதைத் தாண்டினால் மூச்சு முட்டி நடக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் 12 வாரத்தில் 10 கிலோமீட்டர் எட்டுவதற்கான வழி இது. ‘ஸ்டாமினா போதவில்லை’ என்று பலரும் அலுத்துக்கொள்வார்கள்; பெரும்பாலும் வேகம்தான் கூடிப்போயிருக்கும்.

படி 1: வேகத்தைக் குறையுங்கள்

ஓடிக்கொண்டே உங்கள் முகவரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பத்துச் சொல்லாவது ஒரே மூச்சில் வந்தால் சரியான வேகம். மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் குறைத்தே ஆகவேண்டும். மேட்டில் நடந்தாலும் தப்பில்லை. தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுவதும், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தம் தள்ளப் பழகுவதும் இந்த நிதான ஓட்டத்திலேயே நன்றாக நடக்கும். வேகமாக ஓடினால் களைத்துப்போய், அதற்குத் தேவையான நேரம் ஓட முடியாது.

ஸ்மார்ட்வாட்ச் காட்டும் இதயத்துடிப்பை அப்படியே நம்பவேண்டாம். மணிக்கட்டு சென்சார் சில சமயம் துடிப்புக்குப் பதில் உங்கள் காலடியை எண்ணித் தொலைக்கும். நிதானமாக ஓடும்போதே 165, 170 என்று காட்டினால் முதலில் பட்டையை இறுக்கிக் கட்டிப் பாருங்கள்.

படி 2: காலடி எட்டைச் சுருக்குங்கள்

புதிதாக ஓடுபவர்களிடம் அதிகம் காணும் பிழை, காலை உடம்புக்கு வெகு முன்னால் நீட்டி வைப்பது. ஒவ்வொரு எட்டிலும் பிரேக் போட்டுக்கொண்டே ஓடுவதற்குச் சமம் அது. அந்த அதிர்ச்சி முழங்காலுக்கும் அதன் கீழுள்ள எலும்புக்கும் போகிறது.

யாரையாவது பக்கவாட்டில் நின்று ஸ்லோ மோஷனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஷூ தரையைத் தொடும் நொடியில் நிறுத்திப் பாருங்கள். முழங்கால் லேசாக மடங்கி, பாதம் ஏறக்குறைய அதன் நேர் கீழே இருந்தால் நல்லது. முழங்கால் விறைத்து, ஷூவின் அடிப்பாகம் முன்னால் வருகிறவருக்குத் தெரியும் அளவுக்குத் தூக்கியிருந்தால் எட்டு நீளம்.

திருத்துவது இப்படி. வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். அதுதான் உங்கள் கேடன்ஸ், அதாவது ஒரு நிமிடத்தில் இரு கால்களும் வைக்கும் எட்டுகளின் எண்ணிக்கை. 38 முறை என்றால் நிமிடத்துக்கு 152. அதில் 5 சதவீதம் கூட்டினால் 160. சீராக டிக், டிக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப்பை 160-இல் வைத்து 1 நிமிடம் அதற்கேற்பக் கால் வையுங்கள், 2 நிமிடம் இயல்பாக ஓடுங்கள். இப்படி 5 முறை. தாளம் கூடும்போது வேகமும் சேர்ந்து கூடிவிடும், அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எட்டு சின்னதாகவேண்டும், வேகம் அப்படியே இருக்கவேண்டும்.

எல்லோருக்கும் 180 என்று ஒரு கணக்கு உலவுகிறது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் வீரர்களின் காலடிகளை எண்ணியதிலிருந்து பரவியது அது. பந்தய வேகத்தில் ஓடியவர்களின் எண்ணை நிதான ஓட்டத்தில் துரத்தவேண்டியதில்லை. குதிகாலை விட்டு முன்பாதத்தில் ஓட வலிந்து மாறுவதும் வேண்டாம், கெண்டைக்கால்தான் பிடித்துக்கொள்ளும்.

கைகளைக் கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பதுபோல் தளர்வாக மூடுங்கள். தோள் காதை நோக்கி ஏறினால் கையை ஒருமுறை உதறுங்கள்.

படி 3: வார அட்டவணை

செவ்வாய் 30 நிமிடம், வியாழன் 30 நிமிடம், ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம். எல்லாமே படி 1-இன் வேகத்தில். ஞாயிற்றுக்கிழமை நிமிடங்கள், வாரம் 1 முதல் 12 வரை:

35, 40, 45, 30
45, 50, 55, 40
60, 65, 70, கடைசி வாரம் 10 கி.மீ.

கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்றால் 70 நிமிடத்திலேயே 10 வந்துவிடும். அதைவிட மெதுவாக ஓடுபவர்கள் கடைசி வாரம் சில நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். நான்காவது, எட்டாவது வாரம் குறைவாக இருப்பது அச்சுப்பிழை இல்லை. உடம்பு தேறிக்கொள்வதற்கான வாரங்கள் அவை, ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று தாண்டாதீர்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து செவ்வாய், வியாழன் ஓட்டங்களைச் சிறிது சிறிதாக 40 நிமிடம் வரை நீட்டலாம். வியாழன் ஓட்டத்தின் முடிவில் 20 விநாடி விறுவிறு ஓட்டம் 4 முறை சேருங்கள். இடையில் மூச்சு முழுதாக அடங்கும்வரை நடங்கள்.

படி 4: கெண்டைக்காலுக்கு வேலை

மூச்சு சில வாரத்தில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். ஐந்தாறு வாரத்தில் ‘இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம்’ என்று தோன்றும்போது கால் வலி வந்து உட்காருவது இந்த இடைவெளியால்தான்.

மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, கைப்பிடியைப் பிடித்து நில்லுங்கள். 2 விநாடியில் குதிகாலை உயர்த்தி, 3 விநாடியில் படிக்குக் கீழே வரை இறக்குங்கள். முழங்காலை நேராக வைத்து 15 முறை, லேசாக மடக்கி 15 முறை. இரண்டையும் 3 சுற்று, வாரம் இரு நாள். மடக்கிச் செய்வதைத் தவிர்த்துவிடாதீர்கள், ஓட்டத்தில் பெருஞ்சுமை தாங்கும் உள்தசைக்கு அதுதான் வேலை தரும். இறக்கும்போது தொப்பென்று விட்டால் பாதிப் பயன் போச்சு.

எதற்கு நிறுத்தவேண்டும்?

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்விளிம்பு நெடுக மந்தமாக வலித்தால் நிமிடங்களைப் பாதியாக்குங்கள். நாணயம் அளவு ஓரிடத்தில் மட்டும், அழுத்தினால் சுரீரென்று வலித்தாலோ இரவிலும் வலித்தாலோ ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தாலும் அப்படியே.

விலா ஓரம் பிடித்துக்கொண்டால் வேகத்தைக் குறைத்து, விரலால் அங்கே அழுத்தி, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். அடிக்கடி வந்தால் சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் 2, 3 மணி நேர இடைவெளி விடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்தில் தாகத்துக்குத் தண்ணீர் போதும். ஓட்டத்தின் நடுவே உறிஞ்சும் சர்க்கரைச் சத்து ஜெல் வகையறா 90 நிமிடத்தைத் தாண்டுகிறவர்களுக்கு. புது ஷூவை முதலில் செவ்வாய் ஓட்டத்தில் பழக்குங்கள், பழகிய பிறகு அதை லாங் ரன்னுக்குக் கொண்டுவரலாம்.