நள்ளிரவில் தரையிறங்கி வாடகை கார் எடுக்கப் போகிறீர்களா? வெளிநாட்டில் முதல் தடவை ஓட்டுபவர்களுக்கான செய்முறை

இரவு பதினொரு மணிக்கு விமானம் இறங்கும், அங்கேயே கார் எடுத்து இரண்டு மணி நேரத்தில் விடுதிக்குப் போய்விடலாம் என்று டிக்கெட் போடும்போது கணக்குப் போடுவோம். அந்தக் கணக்கில் நம் தூக்கம் இருக்காது. அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட பயணம் முடித்து இறங்கினால் அன்றிரவு ஓட்டாதீர்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தூங்கிவிட்டு, காலையில் காரை எடுங்கள். அறை வாடகை வீண்செலவு போலத் தோன்றும், ஆனால் இல்லை.

வேறு வழியில்லை, ஓட்டியே ஆகவேண்டும் என்றால், காரை நகர்த்துவதற்கு முன்னால் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். விளக்கு வெளிச்சமுள்ள பார்க்கிங்கில் நின்றபடியே கற்றுக்கொள்ளக்கூடிய எதையும் இருட்டுச் சாலையில் போய்க் கற்றுக்கொள்ளக் கூடாது. கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் வண்டி நகர்வதற்கு முன்பே முடிந்துவிடும்.

படி 1: புக் செய்யும்போதே

கவுண்ட்டர் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று பாருங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் எல்லா இடத்திலும் திறந்திருக்காது. திறந்திருந்தாலும் இரவு நேரத்துக்குத் தனிக் கட்டணம் வாங்குவதுண்டு. புக்கிங்கில் விமான எண் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். விமானம் தாமதமானால் அந்த எண்ணை வைத்துத்தான் உங்களுக்காகக் காத்திருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

கிரெடிட் கார்டு, கார் ஓட்டப்போகிறவரின் பெயரிலேயே இருக்கவேண்டும். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்புதான்; அசல் உரிமம் கூடவே இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். அதிலும் வகை உண்டு. ஜப்பான் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுத்த அனுமதியை ஏற்கும், 1968 வியன்னா ஒப்பந்தப்படி கொடுத்ததை ஏற்காது. போகும் நாடு எதை ஏற்கிறது என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள்.

கியர் மாற்றிப் பழகியவராக இருந்தாலும் இந்த ஒரு தடவை ஆட்டோமேட்டிக் எடுங்கள். புது நாடு, புதுப் பக்கம், இருட்டு என்று ஏற்கெனவே மூன்று புதுமை இருக்கிறது, நான்காவது வேண்டாம்.

படி 2: கவுண்ட்டரில்

களைப்பில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிற நேரம் இது. இரண்டே கேள்வி கேளுங்கள். வண்டி இடிபட்டால் நான் கையிலிருந்து கட்டவேண்டிய உச்சத்தொகை எவ்வளவு? டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை இன்சூரன்சில் வருமா? பெரும்பாலும் வராது.

காட்டுப் பகுதிக்கோ பாலைவனப் பகுதிக்கோ போகிறீர்கள் என்றால் மூன்றாவது கேள்வியும் உண்டு: இரவில் ஓட்ட அனுமதி இருக்கிறதா? ஆஸ்திரேலியாவின் உட்பகுதி, நமீபியா போன்ற இடங்களில் ஊரெல்லைக்கு வெளியே இரவில் ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது என்று சில ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும். குறுக்கே பாயும் விலங்குகள்தான் காரணம்.

படி 3: காரைச் சுற்றி வருவது

பார்க்கிங் விளக்கில் எல்லாக் காரும் புதுக் கார் போலத்தான் பளபளக்கும். கைபேசியின் டார்ச்சைப் போட்டு, நேராக அடிக்காமல் வண்டியின் உடலோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். கீறலும் நசுங்கலும் நிழல் விழுந்து தானே தெரியும். நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்: நான்கு பக்கமும், சக்கர விளிம்புகள், முன்கண்ணாடி, பம்பரின் அடிப்பக்கம், கடைசியாக டேஷ்போர்டில் கிலோமீட்டரும் எரிபொருள் அளவும். அவர்கள் கொடுத்த தாளில் இல்லாத கீறல் ஏதாவது கண்ணில் பட்டால், கிளம்பும் முன்பே அதை எழுதி வாங்குங்கள்.

எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். பிரான்சில் இரண்டும் வண்டியில் இருந்தாகவேண்டும். மேலங்கியை டிக்கியில் போடாமல் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் நின்றுவிட்டால் அதை மாட்டிக்கொண்டுதான் இறங்கவேண்டும்.

படி 4: உட்கார்ந்த இடத்திலேயே இருபது நிமிடம்

இருக்கை, மூன்று கண்ணாடிகள், சீட் பெல்ட். இதைச் சொல்லத் தேவையில்லை. விளக்கைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டியிருக்கிறது.

இப்போதைய கார்களில் என்ஜினைப் போட்டதுமே முன்னால் வெள்ளை விளக்கு எரியும். அது பகல்நேர விளக்கு. டேஷ்போர்டும் பளிச்சென்று இருக்கும். ஹெட்லைட் எரிகிறது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் பல கார்களில் அப்போது பின்விளக்கு எரியாது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் ஒரு கறுப்புப் பெட்டிதான். நானும் ஒருமுறை இப்படியே ஊர் எல்லைவரை போய்விட்டேன். பின்னால் வந்தவர் விடாமல் விளக்கடித்தார். அவசரக்காரர் போல என்று வழிவிட்டேன், அவரோ முந்தவேயில்லை. அப்புறம்தான் புரிந்தது. அதனால் சுவிட்சை ஹெட்லைட் குறிக்கோ ஆட்டோவுக்கோ திருப்பிவிட்டு, இறங்கிப் போய்ப் பின்விளக்கைக் கண்ணால் பாருங்கள். டேஷ்போர்டில் பச்சைக் குறி என்றால் லோ பீம், நீலம் என்றால் ஹை பீம். மஞ்சள் நிறத்தில் விளக்குக் குறி இருந்தால் பின்பக்கப் பனிமூட்ட விளக்கு எரிகிறது என்று பொருள். பனி இல்லாவிட்டால் அணைத்துவிடுங்கள், பின்னால் வருபவரின் கண் கூசும்.

அடுத்தது இண்டிகேட்டர். ஐரோப்பியக் கார்களில் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், ஜப்பானில் வலப்பக்கம். கை பழைய பழக்கத்தில் போய் வைப்பரைத் தட்டிவிடும். மழையே இல்லாமல் வைப்பர் ஆடுகிறதே என்று சிரித்துக்கொள்ளலாம், ஆனால் நீங்கள் திரும்பப்போவது யாருக்கும் தெரிந்திருக்காது. நின்ற இடத்திலேயே பத்துத் தடவை இடம், வலம் என்று போட்டுப் பழகுங்கள்.

ஹைபிரிட் அல்லது மின்சாரக் கார் என்றால் ஸ்டார்ட் செய்ததும் சத்தம் வராது. டேஷ்போர்டில் ரெடி என்று வந்தால் வண்டி கிளம்பத் தயார். (கிளம்பவில்லை என்று நினைத்துப் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தி அணைத்தவர்களில் நானும் ஒருவன்.)

மேப்பைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்திருப்பீர்கள். முகவரியை இப்போதே போட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். பளிச்சென்ற திரையைப் பார்த்த கண்ணுக்கு இருட்டுச் சாலை பழக நேரமாகும்.

படி 5: முதல் ஐந்து கிலோமீட்டர்

பகலில் முன்னால் போகிற வண்டியைப் பார்த்தே எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். இரவில் பார்த்து நடக்க ஆள் இல்லை. காலிச் சாலை, கை பழகிய பக்கமே போகும். பார்க்கிங்கிலிருந்தும் பெட்ரோல் பங்க்கிலிருந்தும் வெளியே வருகிற அந்தத் திருப்பம்தான் மிக ஆபத்தானது. ஒரு சூத்திரம் போதும்: அந்த நாட்டுக் காரில் ஓட்டுநர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கமே இருப்பார். உங்கள் தோள் சாலையோரத்தின் பக்கம் இருந்தால் தப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் தூங்க விடாதீர்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடு என்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலம், வலம்" என்று சொல்லச் சொல்லுங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் ரவுண்டானாவைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றவேண்டும், இடப்பக்கம் பார்த்து நுழையவேண்டும்.

ஜெர்மனியில் நள்ளிரவுக்குப் பிறகு பல சிக்னல்கள் அணைந்திருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று குழம்பவேண்டாம். பக்கத்துப் பலகையைப் பாருங்கள்: மஞ்சள் வைரவடிவம் என்றால் உங்களுக்கு முன்னுரிமை, தலைகீழ் முக்கோணம் என்றால் வழிவிடவேண்டும், எதுவுமே இல்லையென்றால் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடவேண்டும். அமெரிக்காவில் சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால் முழுதாக நின்றுவிட்டுப் போகவேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேகப் பலகை மைலில் இருக்கும். அயர்லாந்து 2005ல் கிலோமீட்டருக்கு மாறிவிட்டது. அந்தத் தீவில் தெற்கிலிருந்து வடக்கே, அதாவது பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்துக்குப் போனால், அறிவிப்பைக் கவனிக்காதவருக்கு எண்ணின் பொருளே மாறிவிடும்.

இத்தாலியில் பழைய நகர மையத்துக்குள் விடுதி எடுத்திருந்தால், "ஸோனா ட்ராஃபிகோ லிமிடாடோ" என்ற பலகையைப் பார்த்ததும் நில்லுங்கள். அனுமதியில்லாமல் நுழைந்தால் காமிரா பிடித்துவிடும். மேப் உள்ளே போகச் சொன்னாலும் போகாதீர்கள், விடுதிக்கு போன் செய்யுங்கள்.

படி 6: இருட்டு நெடுஞ்சாலை

மணிக்கு 100 கிலோமீட்டரில் கார் ஒரு விநாடியில் சுமார் 28 மீட்டர் ஓடும். லோ பீம் தெளிவாகக் காட்டுவது ஏறக்குறைய ஐம்பது அறுபது மீட்டர்தான். அதாவது, எதையாவது பார்த்தபின் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு விநாடி. அதற்குள் நிற்க முடியாது. எதிரே வண்டி இல்லாதபோது ஹை பீம் போடுங்கள், வண்டி வந்தால் இறக்குங்கள், அப்போது வேகத்தையும் சேர்த்துக் குறையுங்கள். எதிர் வெளிச்சம் கண்ணை அடித்தால் பார்வையைச் சாலையின் ஓரக்கோட்டுக்கு மாற்றுங்கள். இரண்டு கண்கள் மின்னினால் மான். ஒன்று கடந்துபோனதும் வேகமெடுக்காதீர்கள், பின்னாலேயே இன்னொன்று வரும்.

கண் சொருகினால் பாட்டு, ஜன்னல் காற்று எதுவும் வேலைக்கு ஆகாது. வெளிச்சமுள்ள ஓய்விடத்தில் நிறுத்தி, கதவைப் பூட்டிவிட்டு இருபது நிமிடம் தூங்குங்கள். விபத்தென்றால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112.

படி 7: எரிபொருளும் திரும்ப ஒப்படைப்பதும்

பம்பின் கைப்பிடி நிறத்தை நம்பாதீர்கள். ஐரோப்பாவில் பச்சை பெரும்பாலும் பெட்ரோல், அமெரிக்காவில் பல பங்க்குகளில் பச்சைதான் டீசல். டேங்க் மூடியின் உட்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்றும், டீசலுக்குச் சதுரத்துக்குள் பி7 என்றும் குறி ஒட்டியிருக்கிறார்கள். டேங்க் எந்தப் பக்கம் என்று எரிபொருள் முள்ளுக்குப் பக்கத்திலுள்ள சின்ன அம்பு காட்டும்.

இரவில் ஆள் இல்லாத நேரத்தில் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறீர்கள் என்றால், காலையில் அவர்கள் வண்டியைப் பார்க்கும்வரை பொறுப்பு உங்களுடையதாகவே இருப்பது வழக்கம். நிறுத்திய இடம் தெரியும்படி இன்னொரு வீடியோ எடுங்கள். கார்டில் நிறுத்திவைத்த டெபாசிட் திரும்பிவிட்டது என்று உடனே அந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள். காமிரா அபராதமும் சுங்கக் கட்டணமும் பல வாரம், சில சமயம் பல மாதம் கழித்துக்கூட வீட்டுக்கு வந்து சேரும்.