காற்றாலையில் பணம் போடுவதற்கு முன்: வடசென்னைக்காரர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறவர்களுக்கு நிலக்கரிச் சாம்பலைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் புகையோடு வாழும் இந்த வட்டாரத்தில், காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னால் ஆசையோடு கேட்கத்தான் தோன்றும். அந்த ஆசை நியாயமானது என்பதால்தான், அது தவறான இடத்தில் முதலீடாகிவிடக் கூடாது என்கிறேன்.

முதலில் வீட்டு மாடியில் வைக்கும் சிறு காற்றாலையைப் பார்ப்போம். விற்பவர் “ஒரு கிலோவாட்” என்று சொன்னால், எந்தக் காற்று வேகத்தில் அந்த ஒரு கிலோவாட் கிடைக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் விநாடிக்கு 11 அல்லது 12 மீட்டர் என்பதே பதிலாக இருக்கும். அதாவது மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று. காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறுவதால், வேகம் பாதியாகும்போது மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் விளம்பரத் தாளில் உள்ள எண்கள் யாரையும் மயக்க முடியாது.

அடுத்து உங்கள் மாடியின் காற்றை அளக்க வேண்டும். காற்றுவேகமானி ஒன்றைக் கம்பத்தில் பொருத்தி, முடிந்தால் ஓராண்டு முழுவதும், இல்லாவிட்டால் கோடையிலும் வடகிழக்குப் பருவத்திலும் சில வாரங்களாவது பதிவு செய்யுங்கள். சித்திரை, வைகாசிப் பிற்பகலில் கடற்காற்று முகத்தில் அடிப்பதை வைத்து ஆண்டு முழுவதையும் மதிப்பிட்டால் கணக்கு தப்பும். அந்தக் காற்று இரவில் தணிந்துவிடும். இராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை போன்ற இடங்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால் மாடிக்கு வரும் காற்று சுழன்று உடைந்துதான் வருகிறது. சுற்றிலும் 100 மீட்டருக்குள் உள்ள எந்தக் கட்டடத்தையும் மரத்தையும்விட ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் விசிறி நின்றால்தான் சீரான காற்று கிடைக்கும்.

சராசரி வேகம் விநாடிக்கு 3 மீட்டர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் விட்டமுள்ள விசிறி, வேகத்தின் ஏற்ற இறக்கத்தையும் கருவியின் இழப்பையும் கணக்கில் கொண்டால், ஆண்டுக்கு 200 யூனிட் அளவில் தரும். சராசரி 4 மீட்டராக இருந்தால் 480 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் மிச்சம் என்று தாராளமாகவே வைத்தாலும், முதல் நிலையில் ஆண்டு வரவு 1,600 ரூபாய்தான். கருவிக்கும் கம்பத்துக்கும் ஒன்றரை லட்சம் செலவானால், போட்ட பணம் திரும்ப 90 ஆண்டுகளுக்கு மேலாகும். காற்றாலையின் ஆயுளோ 20 ஆண்டுகள். அதே மாடியில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு ஆண்டுக்கு 1,400 யூனிட் அளவுக்குத் தந்துவிடும். ஆகவே வீட்டுக்காரர்களுக்கு என் பரிந்துரை ஐயமின்றிச் சூரியத் தகடுதான்.

இதையும் மீறி வைக்க விரும்புகிறவர்கள் உப்பையும் புயலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திருவொற்றியூர்க் கடலோரத்து வீடுகளில் சன்னல் கம்பி வண்ணப் பூச்சுக்கு அடியிலேயே பொருமி, விரலால் தொட்டால் துருச் செதிலாக உதிரும். அதே துரு கம்பத்தின் போல்ட்டுகளிலும் விசிறியின் தாங்கியிலும் (பேரிங்) ஏறும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின்போது சென்னையில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. கருவி முழுத் திறனில் ஓடும் காற்றைப் போல ஐந்து மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் அது. பழைய மெட்ராஸ் தளம் (மரச் சட்டங்கள்மேல் செங்கல் அடுக்கிய கூரை) போட்ட வீட்டின் கைப்பிடிச் சுவரில் கம்பத்தைப் பிணைப்பதை எந்த நிலையிலும் ஏற்க வேண்டாம்.

தொழில் நடத்துகிறவர்களின் கணக்கு வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று மலைகளுக்கிடையே நெருக்கப்பட்டு வேகமாக வீசுகிறது. அங்கே நிற்கும் ஒரு மெகாவாட் காற்றாலை, திறனில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கே ஓடினாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 22 லட்சம் யூனிட் தரும். மணலியில் தொழிற்சாலையோ காசிமேட்டில் ஐஸ் கம்பெனியோ வைத்திருப்பவர் அங்கே பங்கு வாங்கி, மின் வாரியத்தின் கம்பி வழியாகவே மின்சாரத்தைப் பெறலாம். இதை ‘குரூப் கேப்டிவ்’ என்பார்கள். இந்திய மின்சார விதிகள் 2005-இன்படி, பயன்படுத்துவோர் அனைவரும் சேர்ந்து குறைந்தது 26 விழுக்காடு உரிமையை வைத்திருக்க வேண்டும். உற்பத்தியில் குறைந்தது 51 விழுக்காட்டைத் தங்கள் பங்கின் அளவுக்கேற்பப் பயன்படுத்த வேண்டும். ஒரு நிதியாண்டில் இது தவறினால் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (மற்றவர்களுக்குத் தரும் மானியத்தை ஈடுகட்ட வசூலிப்பது) வந்து சேரும். இலாபம் முழுவதும் அதில் கரைந்துவிடலாம். உடன் பங்காளிகளின் மின் பயன்பாட்டையும் விசாரிக்க வேண்டியது இதனால்தான்.

யூனிட் விலையை மட்டும் பார்த்து ஒப்பந்தம் போடாதீர்கள். வீலிங் கட்டணம் (வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்துவதற்கானது), வழியிலாகும் மின் இழப்பு, பேங்கிங் கட்டணம் (மிஞ்சும் யூனிட்டைப் பிறகு எடுத்துக்கொள்ள வரவு வைப்பதற்கானது), மின்வரி, பங்குக்காக முடங்கும் பணத்தின் வட்டி ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் மீட்டருக்கு வந்து சேரும் விலையைக் கணக்கிட்டு, அதை இப்போதைய மின் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள்.

பருவக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. காற்று மே முதல் செப்டம்பர் வரை மிகுதி. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், காற்று எழும் நேரத்தில்தான் ஐஸ் கம்பெனியின் ஓட்டம் மந்தமாக இருக்கும். அப்போது மிஞ்சும் யூனிட்டை எத்தனை மாதம் வரவில் வைத்துக்கொள்ளலாம் என்பது அந்தக் காற்றாலை எப்போது நிறுவப்பட்டது என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நன்மையைச் சொல்வதென்றால், காற்றாலைக்கு எரிபொருள் வேண்டாம், குளிர்விக்கும் நீர் வேண்டாம், சாம்பலும் இல்லை. தமிழ்நாட்டுக் காற்றாலைகள் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் தந்ததும் உண்டு. ஆனால் காற்று ஓய்ந்த மாதங்களில் அந்த இடத்தை நிரப்புவது பெருமளவில் நிலக்கரிதான். கடம்பாறை நீரேற்று நிலையம் (மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) போன்ற சேமிப்பு வசதிகள் பெருகும்வரை, தெற்கே சுழலும் விசிறியால் மட்டும் அத்திப்பட்டுப் புகைபோக்கி அணைந்துவிடாது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. தெற்கே காற்றாலைக்கு அருகில் இருப்பவர்களுக்கு இரைச்சலும், பறவைகளுக்கு ஆபத்தும் உண்டு. ஆயுள் முடிந்த கண்ணாடியிழை இறக்கைகளை மறுசுழற்சி செய்வதும் கடினம்.

மலிவாக வரும் பழைய 225, 250 கிலோவாட் காற்றாலைப் பங்குகளில் கூடுதல் கவனம் தேவை. கியர்பாக்ஸ் எப்போது மாற்றப்பட்டது, உதிரிப் பாகம் இன்னும் கிடைக்கிறதா, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். கடைசி மூன்று ஆண்டுகளின் மாதவாரி உற்பத்திக் கணக்கை மின் வாரியம் வழங்கிய தாளிலேயே பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.