400 சிசி டூரிங் பைக் வழியில் நின்றுவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது?

125, 150 சிசி ஓட்டிப் பழகியவர்கள் ஹிமாலயன் 411, டொமினார் 400 மாதிரியான பைக்குக்கு மாறியபின் வழியில் அது நின்றுவிட்டால் திகைத்துப் போகிறார்கள். உதைக்கக் கிக்கர் இல்லை, திறந்து பார்க்கக் காபரேற்றர் இல்லை. உடனே எஞ்சின் போய்விட்டது என்று முடிவுகட்டி லொறிக்கு ஆள் தேடுவார்கள். தயவுசெய்து அதற்குமுன் ஐந்து நிமிடம் எடுத்து, கீழே சொல்வதை இதே வரிசையில் பாருங்கள். இந்த வகைப் பைக்கில் ஓட்டுபவரின் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் சுவிட்ச்சுகளும் பட்டரி இணைப்பும்தான் எஞ்சினைவிட அதிகம் தொல்லை தருபவை.

திறப்பைப் போட்டதும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பெற்றோல் தாங்கிக்குள் இரண்டு மூன்று விநாடி மெல்லிய உறுமல் வரும், அதுதான் பெற்றோல் பம்ப். அந்தச் சத்தமே இல்லையென்றால் முதலில் வலது கைப்பிடியிலுள்ள சிவப்பு கில் சுவிட்ச்சை, அதாவது எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்சைப் பாருங்கள், சிக்னலில் நிற்கும்போது யாராவது கை பட்டு அமத்தியிருப்பார்கள். அது சரியென்றால் அடுத்தது பியூஸ். பம்ப் சத்தம் வருகிறது, நியூட்ரலில் ஸ்டார்ட்டும் ஆகிறது, ஆனால் முதலாம் கியர் போட்டவுடன் செத்துப்போகிறது என்றால் வேறெதையும் கழற்ற வேண்டாம், அது சைட் ஸ்டாண்ட் சுவிட்ச். ஸ்டாண்ட் முழுதாக மேலே போகாவிட்டாலும், மழையில் அதன் மூட்டில் சேறு அடைத்திருந்தாலும், ஸ்டாண்ட் இன்னும் கீழேதான் நிற்கிறது என்று பைக் நினைத்து எஞ்சினை நிறுத்திவிடும். போத்தல் தண்ணீரால் கழுவி, ஸ்டாண்டை நாலைந்து தடவை மேலும் கீழும் அடித்துப் பாருங்கள்.

ஸ்டார்ட் பட்டனை அமத்தினால் 'டக் டக்' என்று மட்டும் வருகிறதா? பட்டரி. ஆனால் புதுப் பட்டரி வாங்க பஞ்சிகாவத்தைக்கு ஓடாதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்கரையோரம் நிறுத்தும் பைக்குகளில் உப்புக்காற்று பட்டரி முனையைத்தான் முதலில் தின்னும். சீற்றைக் கழற்றி முனையை விரலால் அசைத்துப் பாருங்கள், அசைந்தாலோ வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தாலோ கோளாறு அங்கேதான். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பூட்டும்போது கடைசியில் நெகட்டிவ். மாறிச் செய்து ஸ்பானர் சேசிஸில் பட்டால் பொறி பறக்கும். சுடுதண்ணீரால் கழுவி, துடைத்துக் காயவைத்து, இறுக்கிப் பூட்டியபின் மேலே கொஞ்சம் வசலின் தடவிவிடுங்கள்.

மல்ரிமீற்றர் ஒன்று வாங்கி வைத்தால் ஊகிக்கவே தேவையில்லை. எஞ்சின் நிறுத்தியிருக்கும்போது 12.6 வோல்ற் அளவில் இருந்தால் பட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். ஸ்டார்ட் செய்து அக்சிலரேற்றரைக் கொஞ்சம் திருகினால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டரி மேல் பழியில்லை, சார்ஜ் செய்யும் பக்கம், அதாவது ரெகுலேற்றரோ மின்சாரம் உண்டாக்கும் காயிலோதான் பிழை. அதற்குக் கராஜ்தான். பட்டரி முற்றாக இறந்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் சரிவராது, பம்புக்கும் எஞ்சினை இயக்கும் கணினியான இசியூவுக்கும் கரண்ட் வேண்டும். கொஞ்சம் உயிர் இருந்தால் இரண்டாம் கியரில் போட்டுத் தள்ளிப் பார்க்கலாம், ஆனால் 190 கிலோ அளவிலான பைக், பின்னால் ஒருவர் வேண்டும்.

சூடு பற்றி. மாலை நெரிசலில் காலி வீதியில் ஊர்ந்தால் டொமினாரின் ரேடியேற்றர் பேன் சுற்றத்தான் செய்யும், அது நோயல்ல. வெப்ப லைற் எரிந்தால்தான் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் தொடவே கூடாது, உள்ளே அழுத்தத்தோடு கொதித்துக்கொண்டிருக்கும், முகத்தில் அடிக்கும். ஆறியபின் பக்கத்திலுள்ள சின்னத் தாங்கியில் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். பேன் சுற்றவே இல்லையென்றால் மறுபடியும் பியூஸ். ஹிமாலயன் 411க்கு ரேடியேற்றரும் கூலன்ட்டும் கிடையாது, காற்றும் ஒயில் கூலருமே குளிர்விக்கின்றன, ஆகவே அதில் ஒயில் மட்டத்தைக் கவனியுங்கள், பைக்கை நேராக நிமிர்த்தி.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சில்லு இறுகி வழுக்காமல் காப்பது) லைற் திறப்புப் போட்டதும் எரிந்து, பைக் நகர்ந்தவுடன் அணைய வேண்டும். அணையாவிட்டால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் மட்டும் கைகொடுக்காது. சில்லுக்குப் பக்கத்திலுள்ள சென்சரில் சேறு படிந்திருக்கிறதா என்று பார்த்துத் துடையுங்கள். இதைவிட எனக்குப் பயம் பிரேக் ஒயில்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கொழும்புக் காற்றில் கேட்கவும் வேண்டுமா! ஈரம் ஏறிய ஒயில் சீக்கிரம் கொதித்துவிடும். நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் பிரேக்கையே பிடித்தபடி இறங்கினால் லீவர் பஞ்சுபோல் உள்ளே போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடியுங்கள்.

செயினுக்கு மண்ணெண்ணெய் போதும், பெற்றோல் ஊற்றினால் உள்ளேயுள்ள ஓ-ரிங் ரப்பர் கெட்டுவிடும். துடைத்துக் காயவிட்டு செயின் லூப் (மசகு ஸ்பிரே) அடியுங்கள், மழையில் ஓடியிருந்தால் வீடு வந்ததும். தொய்வு எவ்வளவு என்று பின் சில்லைத் தாங்கும் ஸ்விங்ஆர்மிலுள்ள ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். அதைவிட இறுக்க வேண்டாம், பின்னால் ஆளும் பையும் ஏறும்போது செயின் இன்னும் இறுகும்.

நம் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிள் விடமாட்டார்கள், யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ எங்கே போனாலும் பழைய வீதிதான், பஞ்சர் ஆனாலும் கடை தட்டுப்படும். ஆனாலும் டொமினாரின் டியூப்லெஸ் டயருக்கு ஓட்டையை அடைக்கும் பிளக் கிற்றும் சின்னக் காற்றுப் பம்பும், ஹிமாலயன் 411இன் கம்பிச் சில்லுக்கு முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றாக டியூபும் கொண்டுபோங்கள். முன் சில்லு 21 அங்குலம், அந்த அளவு டியூப் எல்லாக் கடையிலும் இருக்காது.