பிளட் கல்ச்சர் பாட்டிலிலிருந்தே மருந்து எதிர்ப்பைக் கண்டறிவது: ராஸ்ட் முறை

பிளட் கல்ச்சர் (நோயாளியின் இரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்க்கும் சோதனை) பாசிட்டிவ் ஆன பிறகு காலனி (பிளேட்டில் கண்ணுக்குத் தெரியும் கிருமித் திட்டு) வளர ஒரு நாள், மருந்து ஊறிய டிஸ்க் வைத்துப் படிக்க இன்னொரு நாள் என்பதுதான் வழக்கம். மருந்து எதிர்ப்புச் சோதனைகளுக்கு அளவுகள் வகுக்கும் ஐரோப்பியக் குழுவான யூகாஸ்டின் ராஸ்ட் (விரைவு மருந்து எதிர்ப்புச் சோதனை) முறையில் பாட்டில் திரவத்தையே பரப்பி 4, 6, 8 மணி நேரங்களில் படித்துவிடலாம். ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் முல்லர்-ஹின்டன் பிளேட்டும் (கிருமி வளர்க்கும் ஊடகத் தட்டு) டிஸ்குகளும் போதும்.

முதலில் கிராம் ஸ்டெயின் (கிருமியை நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது). இரண்டு வகைக் கிருமிகள் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்; கலப்பு வளர்ப்புக்கு இது செல்லாது. பாசிட்டிவ் ஆகி 18 மணி நேரம் கடந்த பாட்டிலும் வேண்டாம்.

பாட்டிலை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். பாதுகாப்புக் கேபினட்டுக்குள் வைத்து, ரப்பர் மூடியை ஆல்கஹாலால் துடைத்து, கொஞ்சம் திரவத்தை வெளியே எடுங்கள். அதில் 125 மைக்ரோலிட்டரை (100 முதல் 150 வரை போகலாம்) பைப்பெட்டால் 90 மி.மீ. பிளேட்டில் விட்டு, ஸ்வாபால் மூன்று திசையிலும் பரப்புங்கள். நீர்க்க வைக்கவே கூடாது. வழக்கமான சோதனைக்காக மக்ஃபார்லண்ட் 0.5 என்ற கலங்கல் அளவுக்குக் கரைத்துப் பழகிய கை தவறுவது இங்கேதான். ராஸ்ட் அளவுகள் நீர்க்காத திரவத்துக்கே வகுக்கப்பட்டவை. கரைத்தால் வளர்ச்சி மெலிந்து ஸோன் (டிஸ்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம்) பெரிதாகும், எதிர்ப்புள்ள கிருமியும் மருந்துக்கு அடங்குவதுபோல் காட்டும்.

டிஸ்குகளை நெருக்காமல் வைத்து, 15 நிமிடங்களுக்குள் பிளேட்டை 35 டிகிரி இன்குபேட்டருக்குள் வையுங்கள். காத்திருக்கும் நேரத்தில் மால்டி-டாஃப் போன்ற கருவியில் இனத்தைக் கண்டறியுங்கள். இனம் தெரியாமல் ஸோன் அளவுக்குப் பொருளில்லை: ஈ. கோலைக்கு ஓர் அட்டவணை, கிளெப்சியெல்லா நிமோனியேவுக்கு வேறு. நேரத்துக்கு நேரமும் அட்டவணை மாறும், ஆகவே 6 மணி ஸோனை 4 மணி அட்டவணையில் பார்க்கக் கூடாது. சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்கு 4 மணி அளவே கிடையாது, 6 மணி வரை பொறுக்க வேண்டும்.

படிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பின் இருக்கலாம். மூடியைக் கழற்றி, மேற்பக்கத்திலிருந்து, பிரதிபலிக்கும் ஒளியில் அளக்கவும். ஸோன் விளிம்பு தெளிவில்லையென்றால் ஊகித்து அளக்காதீர்கள். 10 நிமிடங்களுக்குள் பிளேட்டை இன்குபேட்டருக்குள் திரும்ப வைத்து அடுத்த நேரத்தில் பாருங்கள். வெளியே ஆறவிட்ட பிளேட்டில் வளர்ச்சி பின்தங்கும், அடுத்த அளவும் கெடும். தொழில்நுட்ப ஐயப்பகுதி என்று அட்டவணையில் குறித்திருக்கும் இடைவெளிக்குள் எண் விழுந்தாலும் இதே வழிதான். மருத்துவர் தொலைபேசியில் நெருக்கினாலும் அந்த எண்ணை எந்தப் பக்கமும் தள்ளிச் சொல்லாதீர்கள். 8 மணியிலும் தெளியாவிட்டால் காலனியிலிருந்து வழக்கமான சோதனை செய்யுங்கள். அதற்காகவே முதல் நாளே ஒரு பிளேட்டில் தனியாக வளர்த்து வைப்பது நல்லது, கலப்பு இருந்தாலும் மறுநாள் அதில் தெரிந்துவிடும்.

தரக் கட்டுப்பாட்டுக்கு ஏடிசிசி 25922 என்ற எண்ணுள்ள தரநிலை ஈ. கோலையை மில்லிக்கு 100–200 கிருமிகள் என்ற அளவில் கரைத்து, அதில் 1 மி.லி.யை 5 மி.லி. கிருமியற்ற இரத்தத்தோடு புதிய பாட்டிலில் செலுத்தி, பாசிட்டிவ் ஆனதும் நோயாளியின் பாட்டிலைப் போலவே நடத்துங்கள். நேரடியாகக் காலனியைக் கரைத்துப் பரப்பினால் டிஸ்குகள் சரியா என்று தெரியும். பாட்டிலிலிருந்து பிளேட் வரையிலான கைவேலை சரியா என்று தெரியாது.