கணுக்கால் மூட்டு மாத்துற ஆபரேஷன்: முட்டி மாதிரின்னு நினைச்சா அங்கதான் தப்பு

முட்டி மாத்துனவங்கள மறுநாளே வாக்கர் குடுத்து நடக்க விடுறத நம்ம சொந்தத்துல, பக்கத்து வீட்லன்னு பாத்துருக்கோம், அதனால கணுக்காலும் அப்படித்தான்னு நினைச்சுட்டு வர்றாங்க பாருங்க, பாதி சிக்கல் அங்கயே ஆரம்பிச்சிருது. இதுல பெரும்பாலும் சில வாரத்துக்கு காலையே ஊனக்கூடாது. எத்தன வாரம்னு உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு, "வலிக்கலயே, பாத்ரூம் வரைக்கும்தானே"ன்னு நீங்களா ஒரு எட்டு வைக்காதீங்க. புது டிசைன்கள்ல எலும்பு வளந்து அந்த உலோகத்த பிடிச்சுக்கணும், அதுக்கு டைம் வேணும்ல.

அடுத்து புண்ணு. ஆரம்பத்துல அதிகமா தொல்லை குடுக்குறது இதுதான். பொதுவா கணுக்காலோட முன்பக்கம்தான் கீறுவாங்க, அங்க தோலுக்கு அடியில சதையே இல்ல, தோலுக்கு அடுத்து உடனே நரம்பும் தசைநாரும்தான். மூட்டு மாத்துறதையும், மாத்தாம எலும்புகள ஒண்ணா சேத்து அசையாம ஒட்ட வைக்கிற ஆபரேஷனையும் ஒப்பிட்டு, பிரிட்டன்ல 17 ஆஸ்பத்திரில நடந்து 2022ல வெளிவந்த டார்வா (TARVA) ஆய்வுல, மூட்டு மாத்துனவங்கள்ல 13.4 சதவீதம் பேருக்கு புண்ணு ஆறுறதுல பிரச்சனை, மூட்ட ஒட்ட வெச்சவங்களுக்கு 5.7 தான். அதனால கால தொங்கப்போட்டு டிவி பாக்குறது வேண்டவே வேண்டாம், கால இறக்குன கொஞ்ச நேரத்துல விரல்லாம் ஊதா கலர்ல மாறி வீங்கும், வீங்குனா தையல் இழுக்கும். நெஞ்சு மட்டத்துக்கு மேல இருக்குற மாதிரி தலகாணி வெச்சு படுங்க. சிகரெட், பீடி, ஹான்ஸ் எதுவும் ஆபரேஷனுக்கு முன்னாடியே நிறுத்தணும், சுகரும் கண்ட்ரோல்ல இருக்கணும். தையல் ஓரம் கறுத்தா, கட்டு நனைஞ்சா மஞ்சள், தேங்காண்ணெய்னு பூசாதீங்க, மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாட்டிக்கும் வாங்கி முழுங்காதீங்க. கிருமி உள்ள மூட்டு வரைக்கும் போயிருச்சுன்னா திரும்ப தொறந்து கழுவணும், சில பேருக்கு வெச்சத எடுக்கவே வேண்டி வரும், அதனால அன்னைக்கே காமிச்சிருங்க.

கெண்டைக்கால் வலிச்சா எண்ணெய் போட்டு உருவி விடுற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, இந்த நேரத்துல அத பண்ணவே கூடாது, ரத்தக்கட்டியா இருந்தா அது நுரையீரலுக்கு போயிரலாம். மூச்சு திணறுனா நேரா எமர்ஜென்சி. பாதத்து மேல மரத்துப்போறதும் சிலருக்கு வரும், நிறைய பேருக்கு மெதுவா சரியாகும், ஆனா டாக்டர்ட்ட சொல்லாம இருக்காதீங்க.

ஆபரேஷன் நடக்கும்போதே உள்பக்க கணுக்கால் எலும்பு விரிசல் விட்டு ஸ்க்ரூ போடுறதும் உண்டு, அது தெரிஞ்ச ரிஸ்க்தான், உடனே டாக்டர் கோட்டை விட்டுட்டாருன்னு சண்டைக்கு போகாதீங்க. ஆனா வருஷத்துக்கு எத்தன கணுக்கால் பண்றீங்கன்னு முன்னாடியே கேக்கலாம், கூச்சமே வேணாம், முட்டி ஆயிரம் பண்ணவர்கூட இத கைவிரல் விட்டு எண்ணுற அளவுதான் பண்ணிருக்கலாம். ஒட்ட வைக்கிறத கேவலமாவும் நினைக்காதீங்க, அதே டார்வால ஒரு வருஷத்துல ரெண்டு கூட்டமும் நல்லாவே தேறிருக்காங்க. நீரிழிவால பாதத்துல உணர்ச்சியே போனவங்களுக்கு மூட்டு மாத்துறது பொதுவா ஒத்து வராது.

வீக்கம் மாசக்கணக்கா இருக்கும், சாயங்காலம் செருப்பு இறுக்கும், அதுக்காக ஆபரேஷன் ஃபெயில்னு வேற வேற டாக்டர்ட்ட அலைய வேணாம். வீக்கத்தோட சூடு, சிவப்பு, காய்ச்சல் சேந்தா மட்டும் அது வேற கதை, அன்னைக்கு ராத்திரி கூட காத்திருக்காதீங்க.