எடையைக் குத்திக் காட்டாமல் வீட்டில் சாப்பாடு போடுவது எப்படி

"என்னடி, இன்னும் ஊதிட்டே போற?" வேலூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கம் பந்தியில் உட்காரும்போதே இந்தக் கேள்வி விழும். கேட்பவருக்கு அது அக்கறை. அதைக் காதில் வாங்கியவரின் உடம்பிலோ மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் ஏறுகிறது. பசியும் இனிப்பு, எண்ணெய்ப் பண்டங்களின் மேல் ஆசையும் கூடுகின்றன. பந்தியில் ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்தவர், எல்லோரும் தூங்கியபின் சமையலறைக்குப் போகிறார். பருமனாக இல்லாதவர்களை 4 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2013-ல் வெளியானது. எடைக்காக ஒதுக்கப்பட்டவர்கள் பருமனாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.5 மடங்கு.

முதலில் பேச்சை நிறுத்துங்கள். "மெலிஞ்சுட்டியே, அழகா இருக்க" என்பதும் வேண்டாம். எடை மறுபடி ஏறும்போது அந்தப் பாராட்டே குத்தும்.

அடுத்தது தட்டு. ஒருவருக்கு மட்டும் சோற்றைக் குறைக்காதீர்கள். சர்க்கரைக்காக மாற்றம் தேவையென்றால் வீட்டின் பானையே மாறட்டும். மூன்று வேளை, சாயங்காலம் ஒரு சுண்டல். இடைவெளி 4 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ஞாயிறு பிரியாணி என்று காலை டிபனை விடுவதுதான் பெரிய தவறு. பட்டினி கிடந்த வயிறு மதியம் அளவு பார்க்காது. டிபன் சாப்பிட்டவருக்குப் பிரியாணியும் கத்தரிக்காயும் அளவோடு போதும்.

நடைக்கு அவரைத் தனியே துரத்தாமல் கூடவே கிளம்புங்கள். வேலூர் வெயிலில் 7 மணிக்கு முன் கோட்டைப் பக்கம் ஒரு சுற்று. எடை இறங்காவிட்டாலும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடை நல்லது.

எடைக்காக டாக்டர் திட்டுவாரோ என்று பயந்து ஆஸ்பத்திரியையே தவிர்ப்பவர்கள் உண்டு. நோய் முற்றியபின் போவார்கள். துணைக்குப் போய், "முதல்ல இந்த முட்டிவலிக்குக் காரணம் பாருங்க டாக்டர்" என்று நீங்களே சொல்லுங்கள். பிபி பார்க்குமுன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 34 செ.மீ.-க்கு மேல் என்றால் பிபி பார்க்கக் கையில் கட்டும் பட்டை பெரியதாக வேண்டும். சின்னப் பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். தேவையில்லாத மாத்திரையில் போய் முடியலாம்.

ஒளித்து வைத்த பிஸ்கட் உறை கிடைத்தால் சத்தம் போடாதீர்கள். கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது 3 மாதம் நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். சாப்பிட்டதும் வாந்தி எடுக்கிறார் என்றால் 3 மாதம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே கூட்டிப் போங்கள்.